நீருக்குச் சொன்ன எண் காற்றுக்குப் பொருந்துமா?

பாலக்காடு, இடுக்கி மாவட்டங்களின் எல்லைப்புறத் தோட்டங்களில் இரவு என்பது ஓய்வுக்குரிய நேரம் அன்று. நெல்லையும் வாழையையும் ஏலத்தையும் காட்டுப்பன்றியிடமிருந்தும் யானையிடமிருந்தும் காக்க உழவர் விழித்திருக்க வேண்டியுள்ளது. ஓசை எழுப்பி விலங்குகளை விரட்டவோ, ஒரு பொருளைத் தொலைவில் எறியவோ, பி.வி.சி. குழாய்களை ஒட்டி அமுக்கக் காற்றால் இயங்கும் சாதனங்களைத் தாமே செய்துகொள்ளும் ஆர்வம் கைத்திறன் மிக்க இளைஞரிடையே தோன்றுவது இயல்பே. இத்தகைய சாதனத்தின் உயிர்நிலை பிஸ்டன் வால்வு ஆகும். அதைப் பற்றிக் கள ஊழியரும் ஆசிரியரும் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம் என்பது எமது கருத்து.

இதன் தத்துவம் எளியது. அமுக்கக் காற்று நிறைந்த அறையினுள் ஒரு பிஸ்டன், வெளிச்செல்லும் குழாயின் வாயை அடைத்து நிற்கிறது. அதன் பின்புறத்தில் காற்று முழுப் பரப்பின்மீதும் அமுக்குகிறது. முன்புறத்திலோ குழாயின் வாய்க்கு வெளியே எஞ்சிய வளையப் பரப்பின்மீது மட்டுமே அமுக்குகிறது. இரு புறமும் அழுத்தம் ஒன்றாயினும் பரப்பு வேறாதலின் விசையும் வேறாகிறது. பிஸ்டன் இறுக மூடி நிற்கிறது. பின்புறக் காற்றைச் சிறிது வெளியேற்றினால் இச்சமநிலை மாறுகிறது. பிஸ்டன் இமைப்பொழுதில் பின்வாங்க, வாய் முழுவதும் திறந்துவிடுகிறது. கையால் திருகும் வால்வுக்கு இந்த வேகம் ஒருபோதும் வாராது. அழுத்த வேறுபாட்டால் தானே திறக்கும் இம்முறைக்கு நெருங்கிய உறவினை மூணாறு மலைச்சாலையில் ஏறும் பேருந்துகளின் காற்றுத் தடைகளிலும், சிமெண்ட் ஆலைகளின் தூசி வடிகட்டிகளிலும் காணலாம். ஆகவே தத்துவத்தில் குற்றமில்லை. குற்றம், அதை எதனுள் அடைக்கிறோம் என்பதில் உள்ளது.

கடையில் வாங்கும் பி.வி.சி. குழாயின்மேல் அழுத்த அளவு அச்சிடப்பட்டிருக்கும். அதைக் கண்டவர், "ஆறு கிலோ தாங்கும் குழாய், ஐந்து கிலோ காற்று அடைத்தால் என்ன?" என்று எண்ணுகிறார். ஆனால் இந்தியத் தர நிர்ணயம் 4985 குடிநீர்க் குழாய்களுக்காக வகுக்கப்பட்டது. அந்த எண், 27 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் நீருக்குரிய அழுத்தமாகும். காற்றைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

நீருக்கும் காற்றுக்கும் உள்ள வேற்றுமையைக் கணக்கிட்டே பார்க்கலாம். ஐந்து லிட்டர் நீரைச் சதுர செண்டிமீட்டருக்கு ஆறு கிலோ அழுத்தத்தில் அடைத்தால், அந்நீரில் சேரும் ஆற்றல் அரை ஜூல் அளவுகூட இல்லை. நீர் சுருங்குவது மிகக் குறைவு. அதே அளவு காற்று அதே அழுத்தத்திலிருந்து விரியும்போது சுமார் 3,700 ஜூல் வேலையைச் செய்யவல்லது. ஐம்பது கிலோ அரிசி மூட்டை ஏழரை மீட்டர் உயரத்திலிருந்து விழுவதற்கு இது சமம். நீர்க்குழாய் வெடித்தால் தரை நனையும். காற்றுக்குழாய் வெடித்தால் அதன் சில்லுகள் பறக்கும். பி.வி.சி. வளைந்து கிழிவதில்லை, கண்ணாடிபோல் சிதறுகிறது. இதனாலேயே அமெரிக்கத் தொழிற்பாதுகாப்புத் துறை, தரைக்கு மேல் அமைக்கும் அமுக்கக் காற்று வழிகளில் இக்குழாயைப் பயன்படுத்தலாகாதென 1988-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தது.

நம் பகுதியின் தட்பவெப்பமும் இதற்குத் துணைசெய்வதாயில்லை. பாலக்காட்டில் 2024 ஏப்ரலில் வெப்பம் 41 டிகிரியைக் கடந்தது. வெப்பம் ஏற ஏறக் குழாயின் வலிமை குறையும். மூணாற்றின் சனவரி இரவுகளில் வெப்பநிலை சுழியை எட்டுவதுண்டு. குளிரில் குழாய் நொறுங்கும் தன்மை அடையும். ஆண்டுக்கணக்கில் வெயிலில் கிடந்த குழாயைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. சமவெளியில் ஒரு காரணத்தாலும் மலையில் மற்றொரு காரணத்தாலும் அது நம்பத்தகாததாகிறது.

அவசரத்தில் கையாளும் உபாயங்களின் விளைவை நாம் கண்டிருக்கிறோம். 2020 மே மாதம் பாலக்காடு மாவட்டத்தின் வெள்ளியாற்றில், வெடிபொருளைக் கடித்து வாய் சிதைந்த சினை யானை ஒன்று நின்றபடியே உயிர்விட்டது. 2025 தீபாவளியின்போது மத்தியப் பிரதேசத்தில், பி.வி.சி. குழாயில் கார்பைடு வாயுவை எரித்து ஓசை எழுப்பும் 'துப்பாக்கி'களால் நூற்றுக்கும் மேற்பட்டோர் கண்ணில் காயமுற்றனர்; அவர்களில் பெரும்பாலோர் சிறுவர். அங்கே இயக்கியது எரியும் வாயு. இங்கே அமுக்கக் காற்று. குழாயைப் பிடித்திருக்கும் கைக்கும் அருகிலுள்ள கண்ணுக்கும் இவ்வேற்றுமை பெரிதன்று.

'செய்யாதே' என்று சொல்வதோடு நம் கடமை தீர்ந்துவிடாது. பயிரை இழந்தவனுக்குத் தடை மட்டும் விடையாகாது. கைத்திறனைப் பழித்தலும் முறையன்று. கள ஊழியர் காரணத்தை எடுத்துரைக்க வேண்டும். காற்றை அடைக்க வேண்டுமெனில், அதற்கென்றே செய்த எஃகுக் கலம், பாதுகாப்பு வால்வு, அழுத்தமானி ஆகியவை வேண்டும். கலத்தை முதலில் நீரால் சோதிக்கவும் வேண்டும். இவை தொழிற்பயிற்சி நிலையத்தின் மேற்பார்வையில் நடைபெறத் தக்கவை. வீட்டுத் திண்ணைக்கு உரியவை அல்ல.

ஆசிரியருக்கு இதனினும் எளிய வழி உண்டு. ஊசியில்லாத சிறிய பீற்றுக்குழல் ஒன்றையும் பெரியது ஒன்றையும் ரப்பர்க் குழாயால் இணைத்து நீர் நிரப்பி, இரு மாணவரை இரு முனைகளையும் அழுத்தச் சொல்லலாம். சிறிய குழலை அழுத்தும் மாணவன் எளிதில் வெல்வான். பரப்பு மாறினால் விசையும் மாறும் என்னும் பிஸ்டன் வால்வின் பாடம் அதிலேயே அடங்கியுள்ளது. பின்னர் நீரை நீக்கிக் காற்றை நிரப்பினால், காற்று வில்போல் சுருங்கி விரிவதைக் கைகளே உணரும்.

மொழிபெயர்ப்போருக்கும் ஒரு வேண்டுகோள். விவசாயத் துண்டுப் பிரசுரங்களில் 'தாங்கும் அழுத்தம்' என்று மட்டும் எழுதிவிடாமல், 'நீரழுத்தம், 27 டிகிரியில்' என்று முழுமையாக எழுதுவோமாக. இரண்டு சொற்கள் கூடுவதால் தாளுக்கு நட்டமில்லை. ஓர் இளைஞனின் பார்வை அதனால் காக்கப்படலாம்.