ஆபத்துக்கு வேண்டும், அந்தஸ்துக்கு வேண்டாமா?

"ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, ஆறு கடந்த பிறகு நீ யாரோ, நான் யாரோ" என்று நம் ஊரில் ஒரு பழமொழி உண்டு. கிறிஸ்தவ சபைகள் பெண்களை நடத்தி வந்த விதத்தைப் பார்த்தால் இந்தப் பழமொழிதான் நினைவுக்கு வருகிறது.

ஆபத்து வந்தால் பெண் வேண்டும். ஆண்கள் போக முடியாத இடத்துக்குப் போகப் பெண் வேண்டும். ஆபத்து நீங்கி, ஆண்களும் வந்து சேர்ந்துவிட்டால், "அம்மா, நீ இறங்கிக் கீழே உட்கார்" என்று சொல்லிவிடுகிறார்கள்!

இது நியாயமா? இதற்கு வேதத்தில் ஆதாரம் உண்டா? இந்தக் கேள்விகளுக்கு விடை காண, சீனப் பெண்மணி ஒருவருடைய வரலாற்றைத் தெரிந்துகொள்வது நல்லது.

அன்பு மகள்

1907-ம் ஆண்டு ஹாங்காங்கில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பெண் பிறந்தால் முகம் சுளிப்பது அந்தக் காலத்தில் சீனக் குடும்பங்களிலும் வழக்கம். ஆனால் அந்தக் குழந்தையின் தந்தை முகம் சுளிக்கவில்லை. 'டிம் ஓய்' என்று ஆசையோடு பெயர் வைத்தார். 'மிகவும் நேசிக்கப்பட்டவள்' என்பது அதன் பொருள். குடும்பப் பெயர் லீ. ஞானஸ்நானத்தின்போது, தாதியர் குலத் திலகம் புளோரன்ஸ் நைட்டிங்கேலின் நினைவாகப் 'புளோரன்ஸ்' என்ற பெயரையும் சேர்த்துக்கொண்டார்.

லீ டிம் ஓய் கான்டன் நகரில் வேத சாஸ்திரம் படித்தார். 1941-ல் அவருக்கு 'டீக்கனஸ்' பட்டம் கிடைத்தது. குருப்பட்டத்துக்குக் கீழே உள்ள படி அது. அவருடைய ஆங்கிலிகன் சபையில் ஒரு பெண் அன்று எட்டக்கூடிய உயரமும் அவ்வளவுதான்.

மக்காவில் ஒற்றை ஊழியர்

அப்போது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்தது. 1941 டிசம்பர் 25-ந் தேதி, கிறிஸ்துமஸ் தினத்தன்று, ஹாங்காங் ஜப்பானியர் கையில் வீழ்ந்தது. பக்கத்தில் இருந்த மக்காவ் போர்த்துக்கீசியர் ஆண்ட நகரம். யுத்தத்தில் சேராத நகரம். அகதிகள் ஆயிரக்கணக்கில் அங்கே ஓடிவந்தார்கள்.

மக்காவில் இருந்த ஆங்கிலிகன் சபையைக் கவனித்துவந்தவர் லீ டிம் ஓய்தான். பசித்தவர்களுக்கு உணவு தேடினார். பிறந்த குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். இறந்தவர்களை அடக்கம் செய்தார். ஒன்றுதான் அவரால் முடியவில்லை. திருவிருந்தை ஆசீர்வதித்து வழங்குவது குருக்களுக்கு மட்டுமே உரிய பணி. குரு எவரும் யுத்த முனையைத் தாண்டி மக்காவுக்கு வர வழியில்லை.

ஹாங்காங் பிஷப் ரொனால்டு ஹால் யோசித்தார். திருவிருந்து இல்லாமல் மக்கள் தவிக்கலாமா? அங்கே குருவுக்குரிய பணியைச் செய்துகொண்டிருப்பவர் இந்தப் பெண்தான். அவருக்கே பட்டம் கொடுத்தால் என்ன?

ஜப்பானியர் பிடியில் இருந்த பிரதேசங்களைக் கடந்து லீ டிம் ஓய் பயணம் செய்தார். சீனாவின் உட்பகுதியில் பிஷப்பைச் சந்தித்தார். 1944-ம் ஆண்டு ஜனவரி 25-ந் தேதி அவருக்குக் குருப்பட்டம் அளிக்கப்பட்டது. ஆங்கிலிகன் சபையின் முதல் பெண் குரு அவரே.

யுத்தம் முடிந்தது, உரிமையும் போனது!

1945-ல் யுத்தம் ஓய்ந்தது. செய்தி வெளி உலகுக்குத் தெரிந்தது. "பெண்ணுக்குக் குருப்பட்டமா!" என்று பெரிய மனிதர்கள் கொதித்தார்கள். பிஷப்புக்கு நெருக்கடி வந்தது. தம்மால் அவருக்குச் சங்கடம் வேண்டாம் என்று லீ டிம் ஓய் 1946-ல் குருவாகப் பணிபுரியும் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். பட்டத்தை மட்டும் துறக்கவில்லை.

பிறகு சீனாவில் ஆட்சி மாறியது. ஆலயங்கள் மூடப்பட்டன. அந்த அம்மையார் பண்ணையிலும் தொழிற்சாலையிலும் உழைக்க நேர்ந்தது. கலாசாரப் புரட்சியின்போது தம்முடைய ஆராதனை அங்கிகளைத் தம் கையாலேயே கத்தரித்துப் போடும்படி ஆயிற்று. முதுமையில் கனடா சென்றார். அங்கேதான் மறுபடியும் குருவாகப் பணிபுரிந்தார். 1992 பிப்ரவரியில் டொரன்டோ நகரில் காலமானார்.

பெண்களுக்குக் குருப்பட்டம் அளிக்கலாம் என்று இங்கிலாந்து திருச்சபை தீர்மானித்தது எப்போது தெரியுமா? அதே 1992-ல், நவம்பர் மாதம்! அந்தச் செய்தியைக் கேட்க அவர் உயிரோடு இல்லை.

இங்கே நாம் ஒன்று கேட்க விரும்புகிறோம். பெண் குருவாக இருப்பது கடவுளின் கட்டளைக்கு விரோதம் என்றால், 1944-லும் அது விரோதம்தான். யுத்தம் நடக்கிறது என்பதற்காகக் கடவுளின் கட்டளை மாறிவிடுமா? விரோதம் இல்லை என்றால், 1946-ல் அந்த அம்மையாரை விலகும்படி செய்தது எந்தச் சட்டம்? நெருக்கடிக்காகத் தளர்த்தி, வசதிக்காக இறுக்கிக்கொள்ளக்கூடிய ஒன்றுக்கு வழக்கம் என்று பெயர் சொல்லலாம். வேதம் என்று சொல்லலாமா?

பவுல் என்ன சொன்னார்?

எதிர்ப்பவர்கள் அப்போஸ்தலர் பவுலைத் துணைக்கு அழைப்பார்கள். சபையில் பெண்கள் பேசாதிருக்கவேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தில் இருப்பது உண்மை. பெண் உபதேசிக்கலாகாது என்ற கருத்து தீமோத்தேயுவுக்கு எழுதிய முதல் நிருபத்திலும் இருக்கிறது. இதை மறைப்பதில் பயன் இல்லை.

ஆனால் அதே கொரிந்தியர் நிருபத்தின் 11-ம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பெண் ஜெபம் செய்யும்போதும் தீர்க்கதரிசனம் சொல்லும்போதும் தலையை மூடிக்கொள்ள வேண்டும் என்கிறார் பவுல். வாயே திறக்கக்கூடாதவர்களுக்கு இந்த விதி எதற்கு? பெண்கள் சபையில் பேசினார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

ரோமருக்கு எழுதிய நிருபத்தின் கடைசி அதிகாரத்தில் பவுல் வாழ்த்துச் சொல்லும் பட்டியல் ஒன்று உண்டு. அதன் தொடக்கத்தில் நிற்பவர் பெபேயாள் என்ற பெண். அவரைக் குறிக்கப் பவுல் வழங்கிய கிரேக்கச் சொல், தம்மையே குறிக்கவும் அவர் வழங்கிய சொல்தான். அடுத்து பிரிஸ்கில்லாள். கணவன் ஆக்கில்லாவின் பெயருக்கு முன்னால் மனைவியின் பெயர் வருகிறது!

அந்தப் பட்டியலில் யூனியா என்று ஒரு பெயரும் உண்டு. அப்போஸ்தலர்களிடையே பெயர் பெற்றவர் என்று பவுல் பாராட்டுகிறார். நான்காம் நூற்றாண்டின் பெரும் பிரசங்கியான கிறிசோஸ்தம், யூனியாவைப் பெண் என்றே கருதிப் புகழ்ந்தார். பின்னால் வந்தவர்களுக்கு அது பொறுக்கவில்லை. 'அப்போஸ்தலர் என்றால் ஆணாகத்தான் இருக்கவேண்டும்' என்று முடிவு கட்டினார்கள். பண்டிதர்கள் பயன்படுத்தும் நெஸ்லே கிரேக்கப் பதிப்பு 1927-ல் அந்தப் பெயரை ஆண் பெயராக அச்சிட்டது. அது மீண்டும் பெண் பெயரானது 1998-ல்தான். பெண்ணுக்கு இடம் கொடுக்க மனமில்லாமல் பெண்ணையே ஆணாக்கிய கதை இது!

பன்னிருவரும் ஆண்கள்தானே?

கத்தோலிக்கத் திருச்சபை வேறு ஒரு காரணம் சொல்கிறது. இயேசு தேர்ந்தெடுத்த பன்னிரண்டு சீடர்களும் ஆண்கள். அதை மாற்றத் திருச்சபைக்கு அதிகாரம் இல்லை என்று போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் 1994 மே மாதம் அறிவித்தார். பெண் தாழ்ந்தவள் என்று அவர் சொல்லவில்லை. தம் ஆண்டவரின் முன்மாதிரிக்குக் கட்டுப்படுவதாகவே சொன்னார். அந்த நேர்மையை மதிக்கவேண்டும்.

ஆனால், அந்தப் பன்னிருவரும் யூதர்களாகவும் இருந்தார்களே! யூதர் அல்லாதவர் குருவாகக் கூடாது என்று எந்தச் சபையும் சொல்வதில்லையே! ஒரு முன்மாதிரியை விட்டுவிட்டு, மற்றொன்றை மட்டும் பிடித்துக்கொள்வது எப்படி?

உயிர்த்தெழுந்த இயேசு சீடர்களிடம் சேதி சொல்ல முதலில் அனுப்பியது மகதலேனா மரியாளைத்தான் என்கிறது யோவான் எழுதிய சுவிசேஷம். அன்று அந்தப் பெண் வாய் மூடி இருந்திருந்தால், கிறிஸ்தவ மதத்தின் தலையாய செய்தி கல்லறையோடு நின்றிருக்கும். 2016-ல் போப்பாண்டவர் பிரான்சிஸ் அவருடைய நினைவு நாளை அப்போஸ்தலர்களின் திருநாளுக்கு இணையாக உயர்த்தினார். திருநாளில் சமமானவள், திருப்பணியில் ஏன் சமமாகக் கூடாது?

நம் பக்கத்தில்

நம் நாட்டிலும் கதை இதுதான். 19-ம் நூற்றாண்டில் திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களில் 'பைபிள் பெண்கள்' என்று ஊழியர்கள் இருந்தார்கள். அன்னிய ஆண்கள் நுழைய முடியாத வீடுகளுக்குள் நுழைந்து, பெண்களுக்கு எழுத்தறிவித்து, வேதத்தையும் வாசித்துக் காட்டியவர்கள் அவர்கள். வெயிலில் நடந்து, ஏச்சையும் பேச்சையும் தாங்கினார்கள். ஆனாலும் பிரசங்க பீடம் அவர்களுக்கு இல்லை. அடுக்களை வரை போய் உபதேசிக்கலாம். ஆலயத்தில் உபதேசிக்கக் கூடாது!

தென்னிந்தியத் திருச்சபை 1947 செப்டம்பரில் சென்னையில் உதயமாயிற்று. இன்று அது பெண்களுக்கும் குருப்பட்டம் அளிக்கிறது. 2013 செப்டம்பரில் புஷ்பலலிதா அம்மையார் நந்தியால் பிஷப்பாக அபிஷேகம் செய்யப்பட்டார். அந்தச் சபையின் முதல் பெண் பிஷப் அவர். 66 ஆண்டுகள் ஆயின! தாமதம் என்றாலும் பெருமைப்பட வேண்டிய செய்தி.

இங்கிலாந்திலோ, 2025 அக்டோபரில் சாரா முல்லாலி அம்மையார் கான்டர்பரி ஆர்ச்பிஷப்பாக அறிவிக்கப்பட்டார். ஒரு காலத்தில் தாதியாகப் பணிபுரிந்தவர். அந்த வரிசையில் 106-வது நபர். முன்னால் இருந்த 105 பேரும் ஆண்கள். அறிவிப்பு வந்தவுடனேயே பழமைவாதிகளின் கண்டனமும் வந்தது. ஆகவே போராட்டம் முடிந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

செய்யவேண்டியது என்ன?

எந்தச் சபையும் தன் கொள்கையைத் தானே முடிவு செய்யட்டும். அது அதன் உரிமை. ஆனால் அந்த முடிவு எடுக்கப்படும் மேஜையைச் சுற்றிப் பெண்களும் உட்கார்ந்திருக்க வேண்டும். ஆண்கள் மட்டும் கூடி, பெண்களைப் பற்றித் தீர்ப்பு எழுதுவது எந்த நீதி?

குருப்பட்டம் கொடுத்த சபைகளுக்கும் ஒரு வார்த்தை. பட்டத்தைக் கொடுத்துவிட்டு, எவரும் போக விரும்பாத ஊருக்கு மட்டும் பெண் குருவை அனுப்பினால் அது பழைய கதையே. பெரிய ஆலயங்களையும் நிர்வாகப் பொறுப்பையும் அவர்களிடம் நம்பி ஒப்படைக்க வேண்டும்.

லீ டிம் ஓய் மக்காவில் செய்த பணிக்கு எவரும் குறை சொல்லவில்லை. அவர் பெண் என்பது ஒன்றே குறையாகச் சொல்லப்பட்டது. இனி எந்தப் பெண்ணும் தன் உரிமையைப் பெற ஒரு யுத்தம் வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. சமாதான காலத்திலேயே அதைக் கொடுங்கள்!