பசை ஆவியும் கால் நரம்பும்

வேலூர் சி.எம்.சி. மருத்துவர் மேரி வர்கீஸுக்கு 1954 விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் மடங்கிய விரல்களுக்கு அறுவை சிகிச்சை செய்தார். வேலூரை அடுத்த பாகாயத்தில் 1966-இல் மறுவாழ்வு மையம் எழவும் அவரே காரணம். செயலிழந்தவரை நிமிர்த்தும் கலை இவ்வட்டாரத்துக்குக் கைவந்தது. வருமுன் காப்பதில்தான் மெத்தனம்.

இவ்வட்டாரத்தின் தோல் தொழில் என்றால் பாலாறு மாசுபட்டதைப் பேசுகிறோம், சரிதான். ஆம்பூர் காலணி ஆலைகளில் பசை தடவும் பெண்கள் சுவாசிக்கும் காற்றைப் பற்றி யார் பேசுகிறார்கள்? சில பசைகளில் கரைப்பானாகச் சேரும் ஹெக்சேன், உடலுக்குள் மாற்றமடைந்து நரம்பிழைகளைச் சிதைக்கும். முதலில் பாதம் மரத்துப்போகும். பிறகு தசை தளர்ந்து நடை தடுமாறும். சர்க்கரை நோய் என்று எண்ணிக் காலம் கடத்தவும் கூடும். ஜப்பானியச் செருப்புப் பட்டறைகளில் 1960-களிலேயே இந்த நரம்புப் பாதிப்பு தெரியவந்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2010 தொழில்நோய்ப் பட்டியலிலும் ஹெக்சேன் உண்டு.

பசை டப்பாவில் கரைப்பானின் பெயர் தமிழில் இருக்கட்டும். சிறு பட்டறைகளிலும் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுகிறதா என்று தொழிற்சாலை ஆய்வாளர்கள் பார்க்கட்டும். இ.எஸ்.ஐ. மருத்துவமனைகள் ஆண்டுதோறும் நரம்புப் பரிசோதனை நடத்த வேண்டும். நீரைக் கரைப்பானாகக் கொண்ட பசைக்கு மாறும் செலவில் வெளிநாட்டுக் கொள்முதலாளர்களும் பங்கேற்க வேண்டும்.