கம்ப்யூட்டர் ஆன் ஆகலையா? ‘ஃபார்மெட்’டுக்கு ஓகே சொல்றதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

மதுரையிலும் சுற்றியுள்ள ஊர்களிலும் பல வீடுகளில் ஹால் மூலையில் ஒரு பழைய டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் இருக்கும். பிள்ளைகள் படிக்கும்போது வாங்கியது. மகளின் சடங்கு, தாத்தாவின் அறுபதாம் கல்யாணம், சித்திரைத் திருவிழா என்று எல்லா போட்டோவும் அதில்தான். ஒருநாள் பட்டனை அழுத்தினால் ஃபேன் சுற்றுகிறது, விண்டோஸ் மட்டும் வரவில்லை. கடைக்குத் தூக்கிப் போனால், ‘ஃபார்மெட் பண்ணிடலாம்’ என்கிறார்கள். தலையாட்டினால், போட்டோக்களும் சேர்ந்தே போய்விடும்.

வெளியிலிருந்தும் ஆன் ஆகும்!

விண்டோஸ் கெட்டுப்போனால் ஹார்டு டிஸ்க்கே கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், ஆபரேட்டிங் சிஸ்டம் எங்கே இருக்கிறது என்று மதர்போர்டு தேடும். அப்போது ஒரு பென் டிரைவைக் காட்டினால், அதிலிருந்தே கம்ப்யூட்டர் எழுந்துவிடும்.

இதற்குக் கைகொடுப்பது இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ். தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. 2011-ல் தொடங்கிய விலையில்லா லேப்டாப் திட்டத்தில், விண்டோஸுடன் சென்னை சி-டாக் உருவாக்கிய ‘பாஸ்’ லினக்ஸும் சேர்ந்தே வந்தது.

முதலில் போட்டோக்களை மீட்போம்

* 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால் காலியானதே நல்லது.

* வேறொரு கம்ப்யூட்டரில் ‘லினக்ஸ் மின்ட்’ ஃபைலை டவுன்லோடு செய்து, ‘ரூஃபஸ்’ அல்லது ‘எட்சர்’ மூலம் பென் டிரைவில் ஏற்றுங்கள். வெறுமனே காப்பி செய்தால் வேலை செய்யாது.

* பென் டிரைவைச் செருகி, ஆன் செய்தவுடன் பூட் மெனு கீயை விட்டுவிட்டுத் தட்டுங்கள். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9, ஆசுஸில் எஃப்8. வரும் பட்டியலில் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

* திரையில் ‘இன்ஸ்டால் லினக்ஸ் மின்ட்’ என்று ஓர் ஐகான் தெரியும். இப்போது அதைத் தொடவே வேண்டாம். பழைய டிஸ்க்கைத் திறந்து, போட்டோக்களை இன்னொரு டிரைவுக்கு காப்பி செய்யுங்கள்.

டிஸ்க்கில் ‘டிக் டிக்’ என்று சத்தம் கேட்டால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். அது டேட்டா ரெகவரி தெரிந்தவர்கள் பார்க்கவேண்டிய வேலை. ‘பிட்லாக்கர்’ பூட்டு போட்டிருந்தால் அதன் ரெகவரி கீ இல்லாமல் ஃபைல்கள் திறக்காது.

அப்படியே நிரந்தரமாக ஓட்டலாமா?

ஓட்டலாம். விண்டோஸ் 10-க்கான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. பழைய டெஸ்க்டாப்கள் பலவற்றை விண்டோஸ் 11 ஏற்பதில்லை. ஓர் எக்ஸ்டர்னல் எஸ்.எஸ்.டி. வாங்கி அதில் லினக்ஸை இன்ஸ்டால் செய்தால், அந்தப் பெட்டி இன்னும் சில வருடம் உழைக்கும்.

ஆனால், இங்கேதான் பலர் தவறுகிறார்கள். உள்ளே இருக்கும் டிஸ்க்கை இணைத்தபடியே இன்ஸ்டால் செய்தால், கம்ப்யூட்டரை ஆன் செய்ய உதவும் பூட் ஃபைல் அந்தப் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துவிடலாம். பிறகு எஸ்.எஸ்.டி.யைக் கழற்றினால் விண்டோஸும் தடுமாறும். கை தவறினால் பழைய டிஸ்க்கே அழிந்துவிடும் ஆபத்தும் உண்டு.

டெஸ்க்டாப்பில் இதற்குத் தீர்வு சுலபம். பவர் ஒயரைப் பிடுங்கிவிட்டு, பக்கவாட்டு மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிடுங்கள். பென் டிரைவில் ஆன் செய்து, எஸ்.எஸ்.டி.யில் இன்ஸ்டால் செய்து முடித்த பிறகு மறுபடி மாட்டினால் போதும்.

எஸ்.எஸ்.டி.யை யு.எஸ்.பி. 3.0 போர்ட்டில் செருகுங்கள். பெரும்பாலும் உள்ளே நீல நிறமாக இருக்கும். வேகம் அதில்தான் கிடைக்கும். கம்ப்யூட்டர் ஓடும்போது அந்த ஒயரைப் பிடுங்கக் கூடாது என்று வீட்டுக் குட்டீஸிடமும் சொல்லிவைப்பது நல்லது.

யாருக்கு ஒத்துவராது?

இன்டர்நெட், வீடியோ, ஆன்லைன் கிளாஸ், தமிழ்99 டைப்பிங் எல்லாம் லினக்ஸில் உண்டு. விண்டோஸுக்கென்றே எழுதிய கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருக்கும் கடைக்காரர்கள் மட்டும் யோசித்து மாறவேண்டும்.

மற்றபடி, அடுத்த முறை யாராவது ‘ஃபார்மெட் பண்ணிடலாம்’ என்றால், ‘முதல்ல பென் டிரைவ்ல ஆன் பண்ணி, போட்டோவை எடுத்துக் கொடுங்க’ என்று கேளுங்கள். ஃபார்மெட்டை அப்புறம்கூட செய்துகொள்ளலாம்!