தறியோசையும் செவிப்புலனும்

கூட்டுறவின் உயிர்நிலை பொதுச்சபையாகும். அங்கே நூறு பங்கு எடுத்தவருக்கும் ஒரு வாக்கு; ஒரே பங்கு எடுத்த ஏழை நெசவாளருக்கும் ஒரு வாக்கு. இந்தச் சமத்துவத்தை நாம் மேடைதோறும் பெருமையுடன் எடுத்துச் சொல்லி வருகிறோம். ஆயினும், சென்ற ஆண்டு ஒரு சங்கத்தின் பொதுச்சபையில் நாம் நேரில் கண்ட காட்சி அந்தப் பெருமையைச் சற்றே குறைத்துவிட்டது.

முப்பது ஆண்டுகளுக்கு மேல் விசைத்தறி ஓட்டிய முதிய அங்கத்தினர் ஒருவர் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். சேமிப்பு நிதிக்காகக் கூலியில் பிடிக்கும் தொகையை உயர்த்தும் தீர்மானம் வாசிக்கப்பட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் கை உயர்த்தவே அவரும் உயர்த்தினார். கூட்டம் கலைந்தபின், அதே தீர்மானத்தைக் கண்டித்து நிர்வாகிகளிடம் உரத்த குரலில் வாதாடினார். "தாங்களும் ஆதரித்துத்தானே கை தூக்கினீர்கள், ஐயா?" என்று செயலாளர் இரண்டு முறை கேட்டபின்பே அவருக்கு விஷயம் விளங்கிற்று. தீர்மானம் அவர் செவியில் விழவேயில்லை. அருகில் நின்ற சிலர் சிரித்தனர். நமக்குச் சிரிப்பு வரவில்லை. வாக்கு இருந்தும் அவருக்குக் குரல் இல்லாமற் போயிற்றே என்ற வருத்தமே மிஞ்சியது.

அவருடைய மகன் நம்மிடம் ஒரு கேள்வி கேட்டார். "காதுக்கு இப்போது பெரிய பெரிய ஆபரேஷன் எல்லாம் வந்துவிட்டதாமே. அப்பாவுக்குச் செய்தால் சரியாகிவிடுமா? சங்கத்தின் பொதுநல நிதியிலிருந்து உதவி கிடைக்குமா?" நியாயமான கேள்விதான். இதற்கு விடை காண வேண்டுமானால், செவி வைத்தியத்தில் நடந்துள்ள ஆராய்ச்சி எதைச் சாதித்திருக்கிறது, எதைச் சாதிக்கவில்லை என்பதை நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

செவியின் அமைப்பை நெசவாளருக்கு விளக்குவது கடினமன்று. மிதிகட்டையின் அசைவு கயிற்றின் வழியே சென்று விழுதை உயர்த்துகிறது. அதுபோலவே, செவிப்பறையின் அதிர்வு மூன்று சிறு எலும்புகளின் வழியே உட்செவியைச் சென்றடைகிறது. அம்மூன்றில் கடைசியானது அங்கவடி எலும்பு. நம் உடலிலுள்ள எலும்புகளுள் மிகச் சிறியது அதுவே; அதன் உயரம் ஏறக்குறைய 3 மில்லிமீட்டர். உட்செவியில் நத்தைக் கூடு போன்ற ஓர் உறுப்பு உள்ளது. அதற்குள் சுமார் 15,000 மயிரணுக்கள் வரிசையாக நின்று, அதிர்வை நரம்பின் செய்தியாக மாற்றி மூளைக்கு அனுப்புகின்றன. செவிப்பறையும் எலும்புகளும் பழுதானால் ஒருவகைக் கேளாமை. மயிரணுக்கள் அழிந்தால் வேறொரு வகைக் கேளாமை. இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

முதல் வகையில் அறுவை வைத்தியம் அடைந்துள்ள வெற்றி வியக்கத்தக்கது. அங்கவடி எலும்பு இறுகிப்போய்க் கேளாமை உற்றவர்களுக்கு, 1938-இல் நியூயார்க்கில் ஜூலியஸ் லெம்பர்ட் என்னும் வைத்தியர் உட்செவியில் புதிய துவாரம் அமைத்து ஒலிக்கு வழி செய்தார். 1952-இல் அதே நகரத்தில் சாமுவேல் ரோசன் என்பவர், ஒரு நோயாளியின் அங்கவடி எலும்பு இறுகியிருக்கிறதா என்று சோதிக்க அதை அசைத்துப் பார்த்தார். அக்கணமே நோயாளிக்குக் காது கேட்கத் தொடங்கிற்று. 1956-ஆம் ஆண்டு மே மாதம் 1-ஆம் தேதி, மெம்பிஸ் நகரத்து ஜான் ஷே இறுகிய எலும்பை எடுத்துவிட்டு, டெஃப்ளானால் செய்த சிறு துண்டை அவ்விடத்தில் பொருத்தினார். இன்றும் இவ்வகைச் சிகிச்சைக்கு அந்த முறையே அடிப்படையாக இருக்கிறது. ஜெர்மனியில் சோல்னர், வுல்ஸ்டைன் என்னும் இரு வைத்தியர்கள் அதே காலத்தில் செவிப்பறையையும் எலும்புத் தொடரையும் சீர்ப்படுத்தும் முறைகளை வகுத்தனர். அறுவைக்கேற்ற உருப்பெருக்கிக் கண்ணாடி வந்திராவிட்டால் இவற்றில் ஒன்றும் கைகூடியிராது.

இரண்டாம் வகையின் கதை வேறு. மனிதனின் மயிரணு ஒருமுறை மடிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. 1988-இல் வெளிவந்த ஆராய்ச்சிகள், கோழிக்குஞ்சுக்கும் காடைக்கும் அழிந்த மயிரணுக்கள் திரும்ப வளர்வதைக் காட்டின. நம் வீட்டுக் கொல்லையில் மேயும் கோழிக்கு வாய்த்த இந்த நலம் நமக்கு வாய்க்கவில்லை. மயிரணுக்களின் வேலையை மின்சாரத்தால் செய்விக்கும் கருவியை உட்செவியில் பொருத்தும் முயற்சி 1957-இல் பாரிஸில் ஜூர்னோ, எய்ரியே என்பவர்களால் தொடங்கப்பட்டது. 1961-இல் அமெரிக்காவில் வில்லியம் ஹவுஸும், 1978-இல் மெல்போர்னில் கிரீம் கிளார்க்கும் அதனை வளர்த்தனர். பிறவியிலேயே கேளாத குழந்தைக்கு இளவயதிலேயே இக்கருவியைப் பொருத்திப் பயிற்சி அளித்தால் பேச்சு வருகிறது. 2024-இல் ஷாங்காய் வைத்தியர்கள், குறிப்பிட்ட ஒரு மரபணுக் குறையால் கேளாமற் பிறந்த ஆறு குழந்தைகளுக்கு மரபணுச் சிகிச்சை செய்து, அவர்களுள் ஐவருக்குக் கேட்கும் திறன் கிடைத்ததை அறிவித்தனர். இவையெல்லாம் போற்றத்தக்க வெற்றிகளே. ஆனால் தறியோசையில் மயிரணுக்களை இழந்த நெசவாளருக்கு அவற்றை மீட்டுத் தரும் கத்தியோ மருந்தோ இன்றுவரை இல்லை. காதொலிக் கருவி ஓரளவு கைகொடுக்கும். அது ஒலியைப் பெருக்கும். இழந்த தெளிவை முழுவதும் திருப்பித் தராது.

அந்த மகனுக்கு நாம் சொல்ல வேண்டிய விடை இதுதான். சொல்லும்போது நம் நா தழுதழுத்தது என்பதையும் மறைப்பதற்கில்லை.

ஓசையால் செவி கெடுவது புதிதாகக் கண்ட உண்மையன்று. 1886-இல் கிளாஸ்கோ நகரத்து வைத்தியர் தாமஸ் பார், கொதிகலன் செய்யும் தொழிலாளர் 100 பேரைக் கைக்கடிகாரத்தின் டிக்டிக் ஒலியைக் கொண்டு சோதித்தார். அவர்களில் ஒருவருக்குக்கூட இயல்பான செவிப்புலன் இல்லை. பொதுக்கூட்டத்தில் பேச்சு கேட்கிறதா என்பதையும் அவர் விசாரித்தார். பெரும்பாலோர் கேட்கவில்லை என்றே கூறினர்.

நமக்கு இன்னும் நெருங்கிய சான்று ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்தில் உள்ளது. வங்காளத்து உழவர் விளைத்த சணல் கப்பலேறிச் சென்று அந்நகரத்து ஆலைகளில்தான் சாக்காக நெய்யப்பட்டது. நெய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தறிகளின் இரைச்சலில் பேச முடியாமல், அவர்கள் கைச்சாடையாலும் உதட்டசைவாலும் உரையாடப் பழகியிருந்தனர். 1965-இல் வில்லியம் டெய்லரும் அவருடைய துணைவர்களும் இந்நெசவாளரின் செவியைச் சோதித்து முடிவுகளை வெளியிட்டனர். தறியருகே ஓசை ஏறக்குறைய 100 டெசிபெல் இருந்தது. வேலையில் சேர்ந்த முதல் 10, 15 ஆண்டுகளிலேயே உயர்ந்த சுரங்களைக் கேட்கும் திறன் பெரிதும் போய்விடுகிறது. அப்போது பேச்சு ஓரளவு கேட்பதால் நெசவாளர் தம் இழப்பை உணர்வதில்லை. பின்னர் பேச்சுக்குரிய சுரங்களும் தேயத் தொடங்குகின்றன. 1971-இல் வந்த மற்றோர் ஆய்வு, கூட்டங்களிலும் அயலாருடன் பேசும்போதும் தொலைபேசியிலும் இந்தப் பெண்கள் எவ்வளவு இடர்ப்பட்டனர் என்பதை, அதே வயதுடைய மற்றப் பெண்களோடு ஒப்பிட்டுக் காட்டியது. நம் சங்கத்து முதியவர் முன்வரிசையில் அமர்ந்திருந்ததன் காரணம் இப்போது விளங்குகிறதன்றோ?

எவ்வளவு ஓசையை எவ்வளவு நேரம் பொறுக்கலாம்? அமெரிக்கத் தொழில்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபெல் ஓசையில் நாளொன்றுக்கு 8 மணி நேரம் என்று வரம்பு கூறுகிறது. ஓசை 3 டெசிபெல் ஏறுந்தோறும் நேரம் பாதியாகும். அக்கணக்கின்படி 100 டெசிபெலில் 15 நிமிஷமே வேலை செய்யலாம். நம் விசைத்தறிக் கொட்டகைகளிலோ ஒரு ஷிப்டு 12 மணி நேரம்கூட நடைபெறுகிறது. பெரிய ஆலைகளுக்குச் சட்டமும் ஆய்வாளரும் உண்டு. வீட்டோடு சேர்ந்த கொட்டகையில் நான்கு தறி போட்டிருப்பவரை யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அவருக்கு உள்ள ஒரே அமைப்பு சங்கம்தான்.

ஆகவே, பொதுநல நிதியின் முதற்செலவு செவியைக் காப்பதற்கே ஆக வேண்டும் என்பது நமது திடமான கருத்து. சிகிச்சைக்கு உதவ வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சிகிச்சையால் மீளாத இழப்பை வராமல் தடுப்பதே முதற்கடமை என்கிறோம்.

செய்ய வேண்டியவை எளியவையே. விசைத்தறி வேலைக்கு வரும் இளைஞரின் செவியைத் தொடக்கத்திலேயே கருவி கொண்டு சோதித்துக் குறித்து வைக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறை மீண்டும் சோதிக்க வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இதற்கு வசதி உண்டு. ஒருநாள் ஒதுக்கி அங்கத்தினர்களை அழைத்துச் செல்வது சங்கத்துக்குப் பெரும் பாரமாகாது. நூலும் சாயமும் மொத்தமாக வாங்கித் தருவதுபோல, நுரையாலான காதடைப்பான்களையும் மொத்தமாக வாங்கி விநியோகிக்கலாம். இன்று பலர் பஞ்சைத் திரித்துக் காதில் செருகிக்கொள்கின்றனர். அதனால் பயன் மிகச் சொற்பம். தளர்ந்த திருகுகளை இறுக்குவதும், தேய்ந்த பிக்கர்களை மாற்றுவதும் ஓசையைக் குறைக்க உதவும். புதிய தறி வாங்கக் கடன் தரும்போது, நாடா இல்லாத தறிகளின் ஓசை பொதுவாகக் குறைவு என்பதையும் கருதலாம்.

"காதை அடைத்துக்கொண்டால் தறியின் கோளாறு தெரியாதே, இழை அறுந்ததைக் காதுதானே சொல்கிறது?" என்று அனுபவசாலிகள் கேட்கக்கூடும். இந்த ஆட்சேபம் புறக்கணிக்கத்தக்கதன்று. நல்ல நெசவாளர் கண்ணை மூடிக்கொண்டே தறியின் குறையைக் கூறிவிடுவார். ஆயின், அடைப்பான் ஓசையை முற்றும் அழிப்பதில்லை, குறைக்கவே செய்கிறது. சில நாள் பழகினால், குறைந்த ஓசையிலும் மாறுபாடு புலப்படும். மேலும், அடைப்பான் இன்றி உழைத்தால் முதலில் போவது உயர்ந்த சுரங்களைக் கேட்கும் நுட்பமே. எந்தக் காதை நம்பித் தொழில் செய்கிறோமோ, அந்தக் காதையே தொழிலுக்குப் பலியிடுவது எவ்வாறு பொருந்தும்?

விவசாய அங்கத்தினர்களுக்கும் ஒரு வார்த்தை. கதிரடிக்கும் இயந்திரமும் டிராக்டரும் செவிக்குத் தீங்கு செய்பவையே. அதனினும் முக்கியமானது குழந்தைகளின் சீழ்க்காது. காதில் சீழ் வடிந்தால் காய்ச்சிய எண்ணெயையோ இலைச்சாற்றையோ ஊற்றும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் உள்ளது. இது கூடாது. நெடுநாள் வடியும் சீழ் செவிப்பறையில் துவாரமிடும்; சிலருக்கு எலும்பையும் அரித்து மூளை வரை செல்லும். காலத்தில் காட்டினால் மருந்தாலேயே பெரும்பாலும் அடங்கும். துவாரம் நிலைத்துவிட்டாலோ, நெற்றிப்பொட்டுத் தசையின் மேலுள்ள மெல்லிய சவ்வை எடுத்து ஒட்டி மூடலாம். இங்கே அறுவை வைத்தியம் உண்மையிலேயே கைகொடுக்கும். குழந்தைப் பருவக் கேளாமையில் ஏறக்குறைய 60 சதவிகிதம் தடுக்கக்கூடிய காரணங்களால் வருகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. கேளாத குழந்தையைப் பள்ளியில் மந்தபுத்தி என்று ஒதுக்கும் கொடுமையும் இதனால் நீங்கும்.

எந்த வகைக் கேளாமை என்பதைத் தாமே முடிவு செய்தலாகாது. வைத்தியர் ஓர் இசைக்கவையைத் தட்டிக் காதின் பின்னுள்ள எலும்பிலும், பிறகு காதின் எதிரிலும் வைத்துக் கேட்பார். எலும்பில் வைத்தபோது உரக்கக் கேட்டால், பழுது பெரும்பாலும் நடுச்செவியில் இருக்கும். 1855-இல் ரின்னே வகுத்த இந்த எளிய சோதனை, சீர்செய்யத்தக்க செவியை அடையாளம் காட்டும். நம் முதியவரையும் அவ்வாறு சோதிக்கச் சொல்லி அனுப்பியிருக்கிறோம். அவருக்கு ஓசையாலான இழப்போடு வேறு பழுதும் கலந்திருக்கலாம். காதொலிக் கருவியாவது கிடைக்க வேண்டும்.

கடைசியாக, செவிப்புலன் குன்றியவர்கள் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்குச் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அதற்கு நிதியும் தேவையில்லை. பொதுச்சபைத் தீர்மானங்களைப் பெரிய எழுத்தில் அச்சிட்டு முன்கூட்டியே கொடுக்கலாம். வாசிப்பவர் சபையை நோக்கி நிதானமாக வாசிக்கலாம். கைகளை எண்ணுமுன், முன்வரிசையில் இருப்பவர்க்குப் பொருள் விளங்கிற்றா என்று ஒருவர் அருகில் சென்று கேட்கலாம். அடுத்த பொதுச்சபைக்குமுன் நிர்வாகக் குழுக்கள் இதனை ஆலோசித்து, செவிச் சோதனைக்கும் காதடைப்பானுக்கும் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு சிறு தொகை ஒதுக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். துணி நெய்து ஊரின் மானம் காத்தவர், தம் சங்கத்தில் தமக்கென்று உள்ள ஒரு வாக்கை அறிந்து அளிக்கும் நிலையை நாம் அவருக்கு உறுதி செய்ய வேண்டும்.