நிலவறைத் தோட்டம்: காளான் பை ஏன் அசையவில்லை?

இம்முறை கறிவேப்பிலைக் கன்றைக் குளிரிலிருந்து காப்பது பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தோம். அது அடுத்த இதழுக்கு நிற்கட்டும். அதற்கு முன் ஒரு கடனைத் தீர்க்க வேண்டியிருக்கிறது.

குளிர் தொடங்கும் முன் வந்த இதழில், வீட்டில் சிப்பிக் காளான் வளர்க்கும் முறையை எழுதினோம். அதை வாசித்துப் பை கட்டியவர்கள் நாங்கள் எதிர்பார்த்ததை விட அதிகம். தை மாதம் முழுவதும் தொலைபேசி ஓயவில்லை. முறைப்பாடு ஏறக்குறைய ஒன்றேதான். விதை போட்டு இரண்டு கிழமை, மூன்று கிழமை ஆகிறது, பை போட்டபடியே கிடக்கிறது.

ஸ்காபரோவில் மகள் வீட்டு நிலவறையில் இருக்கும் ஒரு அம்மா சொன்னது இது: “பிள்ளை, நீங்கள் எழுதினபடிதான் எல்லாம் செய்தனான். நாலு பை. ஒண்டும் அசையேல்லை. இப்ப ஒண்டில பச்சையா ஏதோ பூத்திருக்கு. பேத்திக்கு இழுப்பு இருக்கு, மகள் பேசுறா.”

அவர் எழுதியபடிதான் செய்திருந்தார். பிழை எங்களுடையது. “பையைச் சூடான, இருட்டான இடத்தில் வையுங்கள்” என்று ஒரே வரியில் எழுதி முடித்துவிட்டோம். எவ்வளவு சூடு என்று எழுதவில்லை. நாங்கள் முதலில் செய்து பார்த்தது ஆடி மாதத்தில். அப்போது எங்கள் நிலவறை 22 பாகை. பதினெட்டு நாளில் பை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. அதே மூலையில், அதே சீமெந்துத் தரையில், மாசி மாதம் வெப்பமானியை வைத்துப் பார்த்தால் 14 பாகை. மேலே வீட்டில் எல்லோரும் மெல்லிய சட்டையோடு திரிகிறார்கள், கீழே தரை குளிர்ந்து கிடக்கிறது. இதை நாங்கள் யோசிக்கவேயில்லை.

விதையிலிருந்து வைக்கலுக்குள் பரவும் வெள்ளை நூல்களைப் பள்ளிக்கூடத்தில் பூசணவலை என்று படித்திருப்பீர்கள். சிப்பிக் காளானின் பூசணவலைக்கு மிகவும் பிடித்தது 24 முதல் 28 பாகை வரையான வெப்பம். 20 பாகையிலும் பரவும், ஆனால் ஆறுதலாக. 15 பாகைக்குக் கீழே போனால் செத்துவிடாது, ஊர்ந்து ஊர்ந்து போகும். பாதகம் அந்த ஊர்தலில்தான் இருக்கிறது. வைக்கலில் எஞ்சியிருக்கும் வேறு பூஞ்சணங்களுக்கும் பற்றீரியாக்களுக்கும் அவ்வளவு நாளும் வெற்றிடம் கிடைக்கிறது. காளான் பை என்பது ஓட்டப்போட்டி மாதிரி. பிந்தினவர் இடத்தை இழப்பார்.

சிலர் இதற்கு எதிர்ப்பக்கம் போய்விட்டார்கள். ஒரு தம்பி பையைச் சூடான காற்று வரும் துவாரத்தின் மேலேயே வைத்திருந்தார். ஒரு குடும்பம் ஹீற்றரோடு சாய்த்து வைத்திருந்தது. பூசணவலை வளரும்போது தானும் வெப்பத்தை வெளிவிடும். ஆகவே பையின் நடுப்பகுதி அறையை விடப் பல பாகை கூடுதலாக இருக்கும், பை பருமனாக இருந்தால் இன்னும் அதிகம். உள்ளே 35 பாகையைத் தாண்டினால் வளர்ச்சி நிற்கும், 40ஐ நெருங்கினால் வெந்துவிடும். அந்தத் தம்பியின் பையில் துவாரத்துப் பக்கம் முழுக்க மண்ணிறமாகி, மறுபக்கத்தில் மட்டும் கொஞ்சம் வெள்ளை மிஞ்சியிருந்தது.

எனவே பையைத் தரையிலிருந்து எடுங்கள். சீமெந்து பையின் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். ஒரு பலகைத் தட்டில், நெஞ்சு உயரத்துக்கு மேலே வைத்தாலே சில பாகை கூடும். நாங்கள் கண்ட நல்ல இடம் குசினியில் பிறிட்ஜின் மேற்பக்கம். அதற்காகத் தனி ஹீற்றர் வாங்கி ஹைட்ரோ பில்லை ஏற்ற வேண்டாம். ஒரு மலிவான வெப்பமானியைப் பைக்கும் துவாய்க்கும் இடையில் செருகிவிட்டு, அது 22க்கும் 26க்கும் இடையில் நிற்கிறதா என்று காலையும் இரவும் பாருங்கள். இருட்டைப் பற்றி நாங்கள் எழுதியதும் கொஞ்சம் மிகைதான். இந்தக் கட்டத்தில் நேர் வெயில் படாமல் இருந்தால் போதும்.

அடுத்தது விதை. குளிர் காலத்தில் தபாலில் வரும் விதை, கடும் குளிரில் தபால் பெட்டிக்குள் ஒரு பகல் கிடந்திருக்கலாம். உறைந்து இளகிய விதை பலவீனப்பட்டுப்போகும். பிறிட்ஜில் மாதக்கணக்கில் வைத்த விதையும் அப்படித்தான். பை கட்டுமுன் ஒரு சோதனை செய்யலாம். ஒரு சுத்தமான போத்தலில் சுடுநீரில் நனைத்துப் பிழிந்த கடதாசி மட்டைத் துண்டை வைத்து, ஆறியபின் பத்துப் பன்னிரண்டு விதைகளை அதில் போட்டு, மூடியைத் தளர்வாக மூடிக் குசினியில் விடுங்கள். உயிருள்ள விதை ஒரு கிழமைக்குள் பஞ்சு மாதிரி வெள்ளை விட்டுவிடும். விடாவிட்டால் வைக்கலை வீணாக்க வேண்டாம்.

எல்லாக் காளான் விதையும் பிறிட்ஜைத் தாங்காது என்பதையும் சொல்லவேண்டும். சாதாரண சாம்பல் நிறச் சிப்பிக் காளானின் விதை தாங்கும். இளஞ்சிவப்புச் சிப்பிக் காளானும், சீனக் கடைகளில் ரின்னில் அடைத்து வரும் வைக்கோல் காளானும் வெப்ப நாட்டுப் பிள்ளைகள். அவற்றின் விதை பிறிட்ஜில் செத்துப்போகும். (ஊரில் மழைக்குப் பின் புற்றடியில் முளைக்கும் காளானை இங்கே வளர்க்க முடியாதா என்று ஒரு ஐயா கேட்டிருந்தார். முடியாது ஐயா. அது கறையானோடு சேர்ந்து வாழ்வது. கறையானே தன் புற்றுக்குள் அதைப் பயிரிட்டுப் பராமரிக்கிறது. நினைத்துக்கொண்டிருக்கத்தான் முடியும்.)

விதையின் அளவிலும் நாம் கஞ்சத்தனம் செய்கிறோம். நனைத்து வடித்த வைக்கல் 5 கிலோவுக்குக் கால் கிலோ விதை போதும் என்பது கோடைக்குச் சரி. குளிர் காலத்தில் அரைக் கிலோ போடுங்கள். பல இடங்களிலிருந்து ஒரே நேரத்தில் புறப்பட்டால் சீக்கிரம் ஒன்று சேரும்.

இனி வைக்கல். இங்கே தோட்டக் கடைகளில் வைக்கலும் காய்ந்த புல்லும் பக்கத்துப் பக்கத்தில் கட்டாகக் கிடக்கும். நமக்கு வேண்டியது கதிரடித்த பின் மிஞ்சும் மஞ்சள் நிறத் தண்டு, உள்ளே குழல் போலிருக்கும். பச்சை கலந்து மணக்கும் புல்லில் சத்து அதிகம், அதனாலேயே பூஞ்சணமும் அதிகம். இருவர் புல்லை வாங்கியிருந்தார்கள்.

கேத்தல் தண்ணீரை ஒருமுறை ஊற்றி எடுப்பதும் போதாது. 70 பாகை அளவில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் தண்ணீருக்குள் அமிழ்ந்து கிடக்கவேண்டும். பிறகு வடிந்து, ஆறி, கையை உள்ளே விட்டால் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். “ஆறினால் கிருமி வந்துவிடும்” என்று பயந்து சூட்டோடு விதை போட்டவர்கள் விதையை அவித்துவிட்டார்கள்.

ஈரத்தை அறிய எந்தக் கருவியும் வேண்டாம். ஒரு பிடி வைக்கலை இறுக்கிப் பிழியுங்கள். விரலிடுக்கில் இரண்டு மூன்று துளி வரவேண்டும். ஒழுகினால் அதிகம், கை வெறுமனே நனைந்தால் குறைவு. ஈரம் அதிகமான பையில் மேற்பாதி வெள்ளையாகி, தண்ணீர் தேங்கிய அடிப்பாதி அப்படியே நின்றுவிடும், புளித்த மணம் வரும். சுட்ட ஊசியால் அடியில் நாலைந்து குத்துக் குத்தித் தண்ணீரை வடியவிட்டால் பெரும்பாலும் தப்பிவிடும். ஈரம் குறைந்த பையில் வெள்ளை மெல்லியதாக, சிலந்தி வலை போலத் தெரியும்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் நடுவழியில் நின்றுவிட்டால், காற்றைப் பாருங்கள். பூசணவலை குறைந்த காற்றோடு வாழும், காற்றே இல்லாமல் வாழாது. பொலித்தீன் பையை இறுக்கக் கட்டித் துளையே போடாமல் விட்டவர்களின் பைகள் அப்படித்தான் நின்றிருந்தன. ஒரு சாண் இடைவெளியில் சிறு துளைகள் போட்டு அவற்றில் பஞ்சை அடையுங்கள். வைக்கலை அழுத்தி அடைப்பதும் முக்கியம். தொளதொளவென்று கிடந்தால் நூல் ஒரு தண்டிலிருந்து அடுத்த தண்டுக்குத் தாவமுடியாமல் நிற்கும்.

பை மெதுவாகப் போகிறதா, நின்றேவிட்டதா என்று கண்ணால் மட்டும் பார்த்துச் சொல்வது கடினம். தினமும் பார்ப்பவருக்கு எதுவும் அசைவதாகத் தெரியாது. மார்க்கர் பேனையால் வெள்ளையின் ஓரத்தைப் பையின் வெளியே கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். மூன்று நாள் கழித்து மறுபடியும். கோட்டைத் தாண்டியிருந்தால், எவ்வளவு குறைவாக இருந்தாலும், அந்தப் பை உயிரோடிருக்கிறது. அதைத் திறக்காதீர்கள், தண்ணீர் தெளிக்காதீர்கள், குலுக்காதீர்கள். எங்களோடு பேசியவர்களில் நல்ல பைகளைத் திறந்து பார்த்தே கெடுத்தவர்கள் பலர். நாங்களும் ஒன்றைக் கெடுத்தோம். நல்ல வெப்பத்தில் இரண்டு கிழமையாகியும் ஒரு விதையைச் சுற்றியாவது வெள்ளை இல்லையென்றால் அது முடிந்த கதை.

பச்சை கண்டால் மட்டும் பொறுமை வேண்டாம். இந்தப் பச்சைப் பூஞ்சணமும் முதலில் வெள்ளையாகவே வரும், நம்மை ஏமாற்றும். பிறகு பச்சைத் தூளாக மாறும். சிலவேளை தேங்காய் மணம்கூட வரும், சமையல் நடக்கிறதென்று நினைக்கவேண்டாம். பையை வீட்டுக்குள் அவிழ்க்காமல், இன்னொரு பைக்குள் போட்டுக் கட்டி வெளியே கொண்டுபோங்கள். இழுப்பு உள்ளவர் வீட்டில் இருந்தால் இதை நாளைக்கு என்று தள்ளவே கூடாது.

அந்த அம்மாவிடம் ஒரு சனிக்கிழமை போயிருந்தோம். நான்கு பையும் சலவை இயந்திரத்துக்குப் பக்கத்தில், தரையில், 15 பாகையில். பச்சை பூத்ததைக் கட்டி வெளியே அனுப்பினோம். மற்ற மூன்றிலும் விதையைச் சுற்றி நகக்கண் அளவு வெள்ளை இருந்தது. கோடு போட்டுவிட்டு, மேலே குசினி அலுமாரியின் உச்சியில் ஏற்றினோம். மகள் அவ்வளவு சந்தோசப்படவில்லை. பதினைந்தாம் நாள் மூன்றும் முழு வெள்ளை.

ஆனால் காளான் முளைக்க அங்கே விடவில்லை. விரிந்த சிப்பிக் காளான் பெருந்தொகையாக வித்திகளைக் காற்றில் விடும். மூடிய வீட்டில் அது நல்ல நெஞ்சுக்கே ஆகாது, இழுப்புள்ள பிள்ளைக்குச் சொல்லவே வேண்டாம். இதையும் முதல் கட்டுரையில் நாங்கள் எழுதவில்லை. பைகளை எங்கள் வீட்டுக்கு ஏற்றி வந்து, பின்பக்கத்துக் குளிரான அறையில் கதவைச் சாத்தி வளர்த்தோம். குடையின் ஓரம் மேலே வளையும் முன்பே அறுத்தோம். முதல் அறுவடை மூன்று பையிலும் சேர்த்து ஒரு கிலோவும் சொச்சமும்.

அறுத்ததை அம்மாவிடமே கொண்டுபோய்க் கொடுத்தோம். பாதியை மிளகு போட்டுப் பிரட்டி எங்களிடமே திருப்பித் தந்தார். மகளும் ஒரு கரண்டி போட்டுக்கொண்டதாகக் கேள்வி.

அடுத்த இதழில் கறிவேப்பிலை, நிச்சயமாக.