திராட்சையில் ஹைட்ரஜன்: இரும்புப் பொடி மட்டும் போதுமா?

கம்பம் பள்ளத்தாக்கிலே கூடலூர் வட்டாரம் என்றால் பன்னீர் திராட்சைப் பந்தல்கள்தான் நினைவுக்கு வரும். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம் இது. ஆனால், பழுக்கும் சமயத்தில் மழை பிடித்துக்கொண்டால் பெருமையெல்லாம் போயிற்று! பழம் வெடிக்கும், அழுகும், வாங்க ஆள் இராது.

இப்படி வீணாகும் பழத்திலிருந்து ஹைட்ரஜன் வாயு எடுக்கலாம் என்கிறது விஞ்ஞானம். காற்றுப் புகாத தொட்டியில் பழச்சாற்றை ஊற்றி, அதற்கென்று உள்ள பாக்டீரியாக்களை விட்டால் போதும். அவை சர்க்கரையைப் புளிக்கச் செய்து ஹைட்ரஜனை வெளிவிடும். இந்த வாயு எரிந்தால் கரும்புகை இல்லை, மிஞ்சுவது நீராவிதான்.

கறிவேப்பிலையும் இரும்பும்

ஹைட்ரஜனை உண்டாக்கும் என்ஸைமுக்கு இரும்புச் சத்து தேவை. அந்த இரும்பை நானோ துகளாக, அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த பொடியாகக் கொடுத்தால், வாயு கூடுதலாகக் கிடைக்கிறது. அண்ணா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் கறிவேப்பிலைச் சாற்றைக் கொண்டே இரும்பு ஆக்ஸைடு துகள் தயாரித்து, 2014-ல் இதைக் காட்டினார்கள். அளவு மிஞ்சினால் அதே இரும்பு பாக்டீரியாவைக் கெடுத்துவிடும் என்பதும் உண்மை.

கேட்க இனிக்கிறது. கணக்கு என்ன சொல்கிறது?

டன்னுக்கு ஒரு சிலிண்டர்!

சென்னை முருகப்ப செட்டியார் ஆராய்ச்சி மையத்தார் சாராய ஆலைக் கழிவு நீரை 100 கன மீட்டர் தொட்டியில் புளிக்க வைத்து, 40 மணி நேரத்தில் 21 கிலோவுக்குச் சற்று அதிகமான ஹைட்ரஜன் எடுத்தார்கள். 2008-ல் வெளியான முடிவு இது. நானோ துகள் எதுவும் போடவில்லை. செலவான சர்க்கரை சுமார் 700 கிலோ. கிடைத்த வாயுவின் வெப்பம் வீட்டுச் சமையல் காஸ் சிலிண்டர் நான்குக்குச் சமம். அவ்வளவு சர்க்கரைக்கு நான்கு டன்னுக்கு மேல் திராட்சை வேண்டும்! நல்ல பழத்தை இதற்குப் போடுவது பைத்தியக்காரத்தனம். கொட்டிப் போகும் பழத்துக்கே இது ஏற்ற வழி.

இரும்புத் துகளைப் போட்டால் பல மடங்கு பெருகாதா? பெருகாது. இருட்டுத் தொட்டிப் புளிப்பில் ஒரு குளுகோஸ் மூலக்கூறு அதிகபட்சம் 4 ஹைட்ரஜன் மூலக்கூறுகளையே தரும். சென்னைத் தொட்டியிலே சராசரி 2.76 வந்துவிட்டது. மீதிச் சத்து அமிலமாகத் தொட்டியிலேயே தங்குகிறது. அதைச் சாண எரிவாயுக் கலம் போன்ற இரண்டாவது தொட்டிக்கு அனுப்பினால் மீதேன் கிடைக்கும். துகள் தரும் லாபத்தைவிட இந்த இரண்டாவது தொட்டி தரும் லாபம் பெரிது.

செய்ய வேண்டியது

தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அரசு 2023-ல் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கியது. அதில் ஒரு துளி இந்தப் பள்ளத்தாக்குக்கு வரட்டும். துகள் போட்ட தொட்டி ஒன்று, போடாத தொட்டி ஒன்று என்று பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரவு செலவைப் பார்க்கட்டும். வெளிவரும் நீரில் எவ்வளவு துகள் கலந்திருக்கிறது என்று சோதித்த பிறகே பந்தலடியில் பாய்ச்ச வேண்டும். பெரியாற்றுத் தண்ணீரை நம்பி வாழும் பூமி இது; மண்ணோடு விளையாடக் கூடாது.

மழையில் வெடித்த பழத்துக்கும் நாலு காசு கிடைக்கட்டும். கூடலூர் விவசாயி விஞ்ஞானத்தைத் தலைமேல் வைத்துக் கொண்டாடுவான்.