எழுந்து நிற்பவர்களின் பக்கம்

ஆண்டுக்கு ஒருமுறையாவது தமிழில் அந்தக் கட்டுரை வந்துவிடுகிறது. எழுதுபவர்தான் மாறுகிறார், கட்டுரை மாறுவதில்லை. விமானம் தரையைத் தொடுகிறது. இருக்கை வார்களைக் கழற்றும் ஓசை சரஞ்சரமாகக் கேட்கிறது. "நம்மவர்கள்" எழுந்து, மேலடுக்கைத் திறந்து, பெட்டிகளை உருவி, நடைவழியில் நெருக்கியடித்து நிற்கிறார்கள். கதவு திறக்க இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது. கட்டுரையாளர் மட்டும் ஜன்னலோரத்தில் மடியில் ஒரு நாவலோடு (பெரும்பாலும் லத்தீன் அமெரிக்க நாவல்) அமர்ந்து புன்னகைக்கிறார். கடைசிப் பத்தியில் இந்தியா வல்லரசாவது குறித்து ஒரு பெருமூச்சு.

இதை இவ்வளவு துல்லியமாக என்னால் சொல்ல முடிவதற்குக் காரணம், இந்தக் கட்டுரையை நானும் ஒருமுறை எழுதியிருக்கிறேன் என்பதே. நன்றாக இருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள். அந்தக் கட்டுரைக்கு எதிராகத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஒப்புக்கொள்ள வேண்டியதை முதலில் ஒப்புக்கொண்டுவிடலாம். விமானம் ஓடுபாதையிலிருந்து திரும்பி ஊர்ந்துகொண்டிருக்கும்போது எழுவது தவறு. ஓட்டுபவர் சட்டென்று பிரேக் போட்டால் நிற்பவர் விழுவார். திறந்த மேலடுக்கிலிருந்து பெட்டி யார் தலையிலாவது இறங்கும். இதில் வாதத்துக்கு இடமில்லை. ஆனால் இது "நம்மவர்களின்" தனிச்சொத்து என்பது கட்டுக்கதை. துருக்கியின் விமானப் போக்குவரத்து ஆணையம் 2025இல், விமானம் நிற்கும் முன் எழுபவர்கள்மீது புகார் எழுதி அபராதம் விதிக்க வேண்டும் என்று விதியே கொண்டுவந்தது. எழுபவர்கள் அங்கும் ஏராளமாக இருப்பதால்தானே விதி தேவைப்பட்டது.

என் வழக்கு, விமானம் நின்ற பிறகு எழுந்து நிற்பவர்களைப் பற்றியது. அவர்களை நாம் ஏன் இவ்வளவு வெறுக்கிறோம்?

பேருந்தில் பயணம் செய்து வளர்ந்த எவருக்கும் ஒரு குரல் மறந்திருக்காது. "எறங்குறவங்கல்லாம் முன்னாடி வாங்க, ஸ்டாப்பிங்ல வந்து எந்திரிக்காதீங்க." நிறுத்தம் வருவதற்கு முன்பே எழுந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு, படியருகே வந்து நிற்பவர்தான் அங்கே இங்கிதம் தெரிந்தவர். வண்டி நின்றபின் சாவகாசமாக எழுந்து, பையைத் தேடி, குழந்தையை எழுப்பி இறங்குபவரை நடத்துநர் மட்டுமல்ல, மொத்தப் பேருந்தும் திட்டும். மின்சார ரயிலில் நிலைமை இன்னும் கடுமை. அரை நிமிடத்தில் வண்டி நகர்ந்துவிடும். ஆகவே நடைவழியில் வந்து நிற்கும் மனிதர் ஒழுங்கற்றவர் அல்லர். ஒரு ஒழுங்கை வாழ்நாள் முழுக்கப் பயின்றவர். பிறருக்குத் தாமதம் உண்டாக்கக் கூடாது என்ற பயிற்சியை வேறொரு வாகனத்திலிருந்து இங்கே கொண்டுவந்திருக்கிறார். அதை மடமை என்று சொல்ல விமானத்தில் மட்டுமே போய்ப் பழகியவரால்தான் முடியும். அப்படி ஒருவர் தமிழில் எழுதுகிறாரா என்பதே எனக்குச் சந்தேகம். நாமெல்லாம் அதே படியில் தொங்கியவர்கள்தாம். மறந்துவிட்டதாகக் காட்டிக்கொள்வதில் ஒரு சிறு லாபம் இருக்கிறது, அவ்வளவே.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஷார்ஜாவிலிருந்து திருச்சி வரும் விமானத்தில் இருபத்தேழாவது வரிசையில் அமர்ந்திருந்தேன். நடைவழி இருக்கையில் அறந்தாங்கிப் பக்கத்துக்காரர் ஒருவர், கட்டடத்தில் கம்பி கட்டும் வேலை. நாலு மணிநேரமும் அதிகம் பேசவில்லை. சக்கரம் தரையைத் தொட்டதும் எழுந்துவிட்டார். பணிப்பெண் ஒலிபெருக்கியில் அதட்டியதும் உட்கார்ந்தார். விமானம் நின்று மணி ஒலித்த கணமே மறுபடி எழுந்தார். நடைவழிக்கு அப்பால் முன்வரிசையில் இருந்த கனவான் தம் மனைவியிடம், இவர்களையெல்லாம் ஆட்டு மந்தையோடு ஏற்றி அனுப்ப வேண்டும் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வளைகுடாவில் ஒன்பது ஆண்டு வேலை பார்த்தவருக்கு அந்த அளவு ஆங்கிலம் புரியாது என்று அவர் நினைத்தது வேடிக்கை.

அறந்தாங்கிக்காரர் என் பக்கம் குனிந்து, மன்னிப்புக் கேட்பதுபோலச் சொன்னார்: "வேன் புடிச்சு பதினோரு பேரு வந்திருக்காங்க சார். சாயந்தரத்துலேருந்து வெளிய நிக்கிறாங்க. நம்ம எந்திரிச்சா மட்டும் கதவு தொறக்காதுன்னு தெரியும். காலு கேக்கமாட்டேங்குது."

என் பழைய கட்டுரை அந்த இடத்திலேயே செத்துப்போனது.

கால் கேட்காததற்கு அன்பு ஒன்றுதான் காரணம் என்று சொல்லி இதைக் கண்ணீர்க் கதையாக்க மாட்டேன். உடம்பும் ஒரு காரணம். இன்றைய மலிவு விமானங்களில் ஓர் இருக்கைக்கும் அடுத்ததற்கும் இடையே இருபத்தெட்டு, இருபத்தொன்பது அங்குலம்தான். கம்பி கட்டுபவரின் முழங்கால் நாலு மணிநேரம் அதற்குள் மடங்கிக் கிடந்திருக்கிறது. நிற்பதே ஒரு விடுதலை. ஜன்னலோரத்துக்காரர் எழ நினைத்தாலும் கூரை வளைவு கழுத்தை முறிக்கும். ஆகவே அவருடைய அமர்ந்த புன்னகையில் எவ்வளவு பங்கு ஞானம், எவ்வளவு பங்கு கூரை என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் கணக்குப் போடுவோம். வரிசைக்கு ஆறு பேர். 27ஆம் வரிசைக்காரருக்கு முன்னால் 156 பேர். ஆளுக்கு 5 நொடி என்றால் 13 நிமிடம். அதுவும் எவருடைய பெட்டியும் மேலடுக்கில் சிக்கிக்கொள்ளாமல் இருந்தால். ஆனால் ஒரு பயணிகள் விமானம் சான்றிதழ் பெற வேண்டுமானால், பாதி வாசல்களை மட்டுமே பயன்படுத்தி 90 நொடியில் அத்தனை பேரையும் வெளியேற்ற முடியும் என்று நிரூபிக்க வேண்டும். 90 நொடிக்கும் பதிமூன்று நிமிடத்துக்கும் இடையே இருப்பது நாகரிகக் குறைபாடு அல்ல. வாசல்களின் எண்ணிக்கையும் பெட்டிகளும்தான். இது நிறுவனங்களுக்கு நன்றாகவே தெரியும். 2022 ஆகஸ்டில் இண்டிகோ நிறுவனம் மூன்றாவதாக ஒரு வாசல் வழியாகவும் பயணிகளை இறக்கப்போவதாக அறிவித்தபோது, ஏ321 விமானம் காலியாக 13, 14 நிமிடம் ஆவது 7, 8 நிமிடமாகக் குறையும் என்றது. மக்களுக்கு ஒழுக்கம் கற்பிக்காமலேயே நேரம் ஏறக்குறைய பாதியாகிறது! அமெரிக்காவின் பெரிய நிறுவனங்கள் 2008இல் அடிப்பகுதியில் ஏற்றும் பெட்டிக்கு, முதல் பெட்டியிலிருந்தே தனிக்கட்டணம் வாங்கத் தொடங்கின. மக்கள் வீட்டையே கைப்பெட்டியில் அடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்கள். பிறகு மேலடுக்கில் இடமில்லை, இறங்கத் தாமதம், சண்டை. இருக்கையையும் வாசலையும் பெட்டியையும் தீர்மானித்தவர்கள் யாரோ. நாமோ நம் முன்னால் நிற்பவரின் முதுகைப் பார்த்துப் பல்லைக் கடிக்கிறோம்.

அப்படியானால் இறங்குவதில் இங்கிதமே இல்லையா? இருக்கிறது. எங்கும் எழுதிவைக்கப்படாத அழகான சட்டம் அது. முன்வரிசை இறங்கியபின் பின்வரிசை. நடைவழிக்காரர் ஒதுங்கி ஜன்னலோரத்துக் கிழவிக்கு வழிவிடுவது. அடுத்த விமானத்தைப் பிடிக்க வேண்டியவர் கேட்டால் முன்னே அனுப்புவது. காவலர் இல்லை, அபராதம் இல்லை. ஒருவரையொருவர் முன்பின் பார்த்திராத 180 பேர் பெரும்பாலும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். மீறுவது யார்? எழுந்து தன் இடத்திலேயே நிற்பவர் அல்லர். இருபதாவது வரிசையிலிருந்து காதில் கைபேசியோடு, "எக்ஸ்க்யூஸ் மீ" என்ற ஒரே மந்திரத்தால் பத்து வரிசைகளைத் தாண்டி முன்னேறுபவர். என் அனுபவத்தில் அவர் கம்பி கட்டுபவராக இருந்ததில்லை. உருளைப்பெட்டியும் மடிக்கணினியும் வைத்திருப்பவர், எங்கள் வகையறா. (சென்னையில் தூரத்து நிறுத்தத்தில் இறக்கிவிட்டால் இவர்தான் பேருந்தில் முதலில் ஏறி உள்ளே போய் நிற்பார். கடைசி ஆள் ஏறாமல் பேருந்து கிளம்பாது. கிளம்பிச் சேர்ந்ததும் கடைசியாகக் கதவோரம் ஏறியவரே முதலில் இறங்குவார். இதைப் பார்க்கும் சந்தோஷத்தை நான் மறுக்கவில்லை.)

பெட்டி விஷயத்தில்தான் இந்த மேட்டிமைப் பேச்சு விஷமாகிறது. 2016 ஆகஸ்ட் 3 அன்று திருவனந்தபுரத்திலிருந்து சென்ற எமிரேட்ஸ் விமானம் துபாயில் தரையில் மோதித் தீப்பற்றியது. 300 பேரும் உயிர் தப்பினார்கள். அணைக்கச் சென்ற தீயணைப்பு வீரர் ஒருவர் இறந்தார். புகைக்குள் பயணிகள் பைகளை எடுக்க முண்டும் காணொளி வெளியானதும், இந்தியர்கள் இப்படித்தான், மலையாளிகள் இப்படித்தான் என்று ஊரே சிரித்தது. அவர்கள் செய்தது தவறு. சறுக்குப்பாதையில் ஒரு பெட்டி பின்னால் வருபவரின் உயிரை எடுத்துவிடலாம். ஆனால் 2015 செப்டம்பரில் லாஸ் வேகஸில் பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் எரிந்தபோதும், 2016 அக்டோபரில் சிகாகோவில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் விமானம் எரிந்தபோதும் பயணிகள் பெட்டியோடுதான் இறங்கினார்கள். அப்போது யாரும் ஆங்கிலேயரின் பண்பாட்டையோ அமெரிக்கரின் பண்பாட்டையோ ஆராயவில்லை. ஒரே செயல், வெள்ளையர் செய்தால் பதற்றம், நாம் செய்தால் இனத்தின் குணம். ஒரு வேறுபாடும் உண்டு. வளைகுடா செல்லும் தொழிலாளியின் கைப்பையில் பாஸ்போர்ட்டும் வேலைக்கான தாளும் இருக்கும். அது எரிந்தால் அவர் யாருமில்லை.

எதிர்த்தரப்பு உடனே ஜப்பானைக் காட்டும். காட்டட்டும். 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில் ஜப்பான் ஏர்லைன்ஸ் விமானம் ஒரு கடலோரக் காவல்படை விமானத்தோடு மோதி எரிந்தது. காவல்படை விமானத்தில் இருந்த 6 பேரில் 5 பேர் இறந்தார்கள். பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் வெளியேறினார்கள். தரையிறங்கிய 18ஆவது நிமிடத்தில் தலைமை விமானி கடைசியாக இறங்கினார். உலகம் உடனே ஜப்பானியப் பண்பாடு என்றது. நான் பார்ப்பது வேறு. எட்டு வாசல்களில் மூன்றுதான் பயன்பட்டன. உள் ஒலிபெருக்கி செயலிழந்திருந்தது. பணியாளர்கள் கையொலிபெருக்கியாலும் தொண்டையாலும் கத்தி, பெட்டிகளை விடச் சொல்லி, எது பாதுகாப்பான வாசல் என்று பார்த்துப் பார்த்துத் திறந்தார்கள். அது பயிற்சி. பயிற்சியை இரத்தத்தில் ஊறிய குணம் என்று புகழ்வது, பயிற்சி பெறாதவரை இரத்தத்திலேயே கெட்டவர் என்று இகழ்வதன் மறுபக்கம்.

அன்று திருச்சியில் வரிசை நகரத் தொடங்கியபோது ஒன்று நடந்தது. ஆட்டு மந்தைக் கனவானின் பெட்டி அவர் தலைக்கு மேல் இல்லை, மூன்று வரிசை பின்னால் இருந்தது. அவர் எதிர்நீச்சல் போட முயன்று முடியாமல் நின்றார். அறந்தாங்கிக்காரர் பின்னால் திரும்பி, "அண்ணே, அந்த நீலப் பொட்டி" என்றார். பெட்டி நாலு கை மாறி வந்தது. கனவான் வாங்கிக்கொண்டார், நன்றி சொன்னாரா என்பது என் காதில் விழவில்லை.

நான் வழக்கம்போல் கடைசியில் இறங்கினேன். எனக்காக வெளியே காத்திருந்தவர் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் மட்டும்தான், அவரும் வண்டிக்குள் தூங்கிக்கொண்டிருந்தார். உள்ளே பெட்டிகள் சுற்றிவரும் பெல்ட் அருகே அறந்தாங்கிக்காரர் இன்னும் நின்றிருந்தார். நைலான் கயிறு சுற்றி, பெயரையும் ஊரையும் பேனா மையால் தடிமனாக எழுதிய அட்டைப்பெட்டிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்தன, அவருடையது வரவில்லை. என்னைப் பார்த்துச் சிரித்தார். "எந்திரிச்சு என்ன சார் பிரயோசனம்?" என்றார். சொல்லிவிட்டு மறுபடி பெல்ட் தொடங்கும் ரப்பர்த் திரையருகே, முதல் ஆளாகப் போய் நின்றுகொண்டார்.